நகலன் அறையை அளந்த கதை

அந்தக் காலத்தில், கணினிக்குள் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் வாய் இருந்தது. இயங்குதளத்தின் நடுவில் கெர்னல் என்றொரு ஊர். கணினியில் எது அசைய வேண்டுமானாலும் அந்த ஊர் விழித்திருக்க வேண்டும். அங்கே அறைகள் ஒட்டி ஒட்டி இருந்தன. இடையில் சுவர் கிடையாது. தரையில் ஒரு கோடு மட்டும்தான்.

எழுத்துகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் சுமப்பவன் நகலன். நிற்கத் தெரியாதவன். எழுத்து வரிசையின் கடைசியில் ஒரு பூச்சியம் வரும். அதைப் பார்த்தால்தான் அவன் கை ஓயும். இறக்கப்போகும் அறை எவ்வளவு பெரியது என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டால் நேரம் போகும். நேரம் போனால் மந்தன் என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தே அவன் இன்னும் வேகமாக ஓடுவான்.

அவன் இறக்கும் அறைக்கு அடுத்தது வழியாளின் அறை. வேலை முடித்தவர்கள் எந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்பது அவள் பலகையில் எழுதியிருக்கும். அது அழிந்தால் யாரும் வீடு போய்ச் சேர முடியாது.

"அண்ணே, கோட்டைப் பாத்து இறக்குங்க" என்பாள் தினமும்.

"பூச்சியம் வந்துரும் தங்கச்சி. என்னைக்கு வராம இருந்திருக்கு?"

ஒருநாள் வெளியூர்க்காரன் ஒருவன் எழுத்து வரிசை ஒன்றோடு வந்தான். "என் பேருதாண்ணே. சின்னப் பேரு. சட்டுனு வெச்சிருங்க" என்று சிரித்தான்.

நகலன் சுமந்தான். அறை நிரம்பியது. பூச்சியம் வரவில்லை.

"அண்ணே, கோடு தாண்டிருச்சு! நிறுத்துங்க!"

அவனுக்குக் கேட்டது. ஆனால் பாதியில் நிறுத்தினால் அரைகுறை வேலைக்காரன் என்று பேர் வந்துவிடுமே? அடுத்தது பூச்சியம்தான், இதோ அடுத்தது என்று இறக்கிக்கொண்டே போனான். பலகையில் இருந்த வழி அழிந்தது. வரிசையின் மிச்சத்தில் ஒளிந்திருந்த, வெளியூர்க்காரனின் வீட்டுக்குப் போகும் வழி அதன்மேல் படிந்தது. வேலை முடித்தவர்களெல்லாம் அங்கே நடந்தார்கள். ஊரே அவன் சொன்னபடி ஆடி, சீர்குலைந்து, இருண்டது.

மறுபடி விளக்கு வந்தபோது வழியாள் புதுப் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். அணைந்து எழுந்தால் அறைக்காரர்களுக்குப் பழையது மறந்துவிடும். சுமப்பவர்களுக்கு மறக்காது.

"என்னண்ணே, முகமே சரியில்ல?" என்றாள். நகலனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெளியூர்க்காரன் மறுபடி வந்தான், அதே சிரிப்போடு. நகலன் எழுத்தைத் தொடவில்லை. முதலில் அறையைக் காலடியால் அளந்தான்.

"எட்டுதான் பிடிக்கும். பூச்சியத்தையும் சேத்து."

"அட, இவ்வளவு பயமாண்ணே?"

"பயம்தான்."

வெளியூர்க்காரன் தானே வரிசையைத் தள்ளினான். எட்டு இடமும் நிரம்பி, ஒன்பதாவது எழுத்து கோட்டைத் தொடப்போனது. நகலன் எட்டி, ஊர் விளக்கின் விசையை இழுத்துவிட்டான். ஊர் இருண்டது, வரிசையும் அப்படியே நின்றது.

"நல்லா இருந்த ஊரை அணைச்சுட்டீங்களே, பாவி அண்ணே!" வழியாள்தான் முதலில் கத்தினாள். அவன் இருட்டில் தடவித் தடவி அவள் பலகையைத் தொட்டுப் பார்த்தான். ஓர் எழுத்தும் அழியவில்லை.

அன்று முதல்தான் நகலன் முதல் எழுத்தைத் தூக்குமுன் அறையை அளக்கிறான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியும் சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது, நாமும் வழியாளைப் போலவே அதைத் திட்டுகிறோம்.