பாரபட்சமில்லாமல் பார்த்த மூன்று கணினிகள்

கொடுக்கூர் தேங்காய் விவசாயிகள் சங்கத்தில் ஒருநாள் காலை மூன்று கணினிகள் வந்து இறங்கின. வெளியே மூன்றும் ஒரே அச்சு. உள்ளே ஓடும் இயங்குதளம்தான் வேறு வேறு.

"எது கையாள லேசா இருக்குன்னு எழுதிக் குடுத்து, அதை நீங்களே வெச்சுக்கங்க," என்றாள் கணினி நிறுவனத்திலிருந்து அவற்றைக் கொண்டுவந்த மெர்லின். "அஞ்சு மணிக்குள்ள சொல்லலேன்னா மூணும் நொச்சிப்பட்டிக்குப் போயிரும். ஒண்ணுக்குச் செய்யறதை மத்ததுக்கும் செய்யணும். பாரபட்சம் கூடாது."

செயலாளர் மாசிலாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நொச்சிப்பட்டிச் சங்கத்தின் செயலாளர் அவருடைய மச்சான். கணினி அங்கே போனால் அந்த ஆள் சிரிக்கிற சிரிப்பை ஆயுசுக்கும் கேட்கணும்.

சங்கத்து நிர்வாகிகள் ஏழு பேரும் முதல் கணினிக்குச் சந்தனம் வைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் வைத்தார்கள். முதலாவதில் அம்புக்குறி அசையவில்லை. மாசிலாமணி அதன் மண்டையில் ஒரு போடு போட்டார். உடனே, சும்மா சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொன்று வைத்தார்.

"நியாயஸ்தன்யா நம்ம செயலாளர்!" என்றார் தலைவர் சடையப்பர்.

முதலாவதில், திரையில் திறந்த கடிதத்தை மூடும் பெருக்கல் குறி வலப்பக்கம் இருந்தது. இரண்டாவதில் அது இடப்பக்கம்! ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இடப்பக்கம்னா இடது கையாலல்ல மூடணும்? நல்ல காரியத்தை இடது கையால முடிக்கறதா?" என்றார் பாக்கியத்தம்மாள்.

"எதிரே கண்ணாடியை வெச்சுத் திரும்பி உக்காருங்க. குறி வலப்பக்கம் வந்துரும்," என்றார் சடையப்பர்.

முடிவெட்டும் கடைக் கண்ணாடி வந்தது. கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்த மாசிலாமணி கண்ணாடியைப் பார்த்தார். குறி வலப்பக்கமேதான்! ஆனால் அம்பைக் கிழக்கே தள்ளினால் மேற்கே ஓடியது. மணி நாலே முக்கால்.

"கண்ணாடியும் இங்கேதானே இருக்கு? அதை மட்டும் சோதிச்சுப் பாக்காம விட்டா பாரபட்சம் ஆயிராதா?" என்றார் பாக்கியத்தம்மாள்.

கண்ணாடிக்கும் சந்தனம் வைத்து, செல்லமாக ஒரு போடு போட்டு, ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்தார்கள்.

"யாரு உக்காந்தாலும் அவங்கவங்க படம் தானா வருதுய்யா!" மாசிலாமணி கண்ணாடியைக் கும்பிட்டார். "கடவுச்சொல்லுகூடக் கேக்கல!"

அறிக்கை ஐந்துக்கு ஒரு நிமிடம் முன்னால் மெர்லின் கைக்குப் போனது: 'கையாள எளிது: கண்ணாடி.' அவள் அதை மூன்று தடவை படித்தாள். மூன்று கணினிகளையும் வண்டியில் ஏற்றினாள்.

"மச்சான் ஏமாந்தாரு!" என்று துள்ளினார் மாசிலாமணி. "கழிச்சுப் போட்டதெல்லாம் அவருக்கு!"

வீட்டுக்குப் போகும் முன் கண்ணாடியை அணைக்கணுமே? பொத்தானைத் தேடித் தேடிச் சலித்த மாசிலாமணி கண்ணை மூடினார்.

"அணைஞ்சிருச்சு!"

மற்றவர்களும் மூடிப் பார்த்தார்கள். சுத்தமாக அணைந்திருந்தது.

கண்ணைத் திறந்தால் மறுபடி எரிந்து கரண்டை இழுக்குமே என்று, ஏழு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே வீட்டுக்குக் கிளம்பினார்கள். நேராகப் போய் ஏறியது, நொச்சிப்பட்டிக்குப் புறப்பட நின்ற மெர்லினின் வண்டியில்.