அண்டா தேய்க்கும் மணல்

வெள்ளைக்கரட்டின் அடிவாரத்து மடத்தில் சட்டதிட்டம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். கோபப்பட்டு யாரையாவது ஏசினால், பெரிய பாறையின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மணலை அள்ளிவந்து, கரி ஏறிய சோற்று அண்டாவைப் பளபளவென்று தேய்த்து வைக்க வேண்டும்.

மாசிலாமணி சீடராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலைக்கு வேறு ஆளே தேவைப்படவில்லை. மனிதர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் நின்றவர்களை விரட்டி விரட்டியே ஆயுசில் பாதி போயிருந்தது. வீட்டில் அவர் குரல் கேட்டாலே பேரப்பிள்ளைகள் அடுக்களைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அது பொறுக்காமல்தான் கோபத்தை விட மடத்துக்கு வந்தார். விட்டால்தானே! வந்த புதிதில், பந்தியில் இரண்டாம் முறை ரசம் கேட்டவரைக்கூட பஸ்ஸில் அதட்டுகிற அதே குரலில்தான் அதட்டினார்.

குருவான தவமணியம்மா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. கூடையை மட்டும் நீட்டுவார்.

இந்த ஆடி அமாவாசை அன்னதானத்தில், சாம்பார் வாளியைத் தட்டிவிட்ட ஒருவரிடம், கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று மாசிலாமணி கேட்டுவிட்டார். கேட்ட மறுகணமே கூசிப்போனார். பந்தி முடிந்ததும் துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நான் போறேம்மா. எத்தனை வருஷமாச்சு. அந்தப் பாறையும் மாறலை, நானும் மாறலை. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருக்கிறது?"

"சரிண்ணே. அண்டாவை மட்டும் தேய்ச்சு வச்சிட்டுக் கிளம்புங்க."

அதுவும் நியாயம்தானே. முணுமுணுத்தபடியே கூடையோடு பாறைக்குப் போனவர், அடியில் கால் வைத்ததும் திகைத்து நின்றார். கணுக்கால் புதைகிற அளவுக்கு மணல். முன்பெல்லாம் இதே இடத்தில் ஒரு பிடி மணலுக்கு நகம் தேய வழிப்பார்.

அம்மாவும் பின்னாலேயே வந்திருந்தார். யார் இவ்வளவு மணலைக் கொண்டுவந்து கொட்டியது என்று கேட்டார் மாசிலாமணி.

அம்மா பாறையைக் கையால் தடவினார். வெங்காயத் தோல்போல ஒரு சில்லு கழன்று விழுந்து பொடியானது. வெயிலில் காய்கிற பாறை திடீர் மழையில் நனைந்து விரிசல் விடும், விரிசலுக்குள் தண்ணீர் இறங்கிக் கல்லை இளக்கும், இச்சி மரத்து வேர் உள்ளே புகுந்து நெம்பும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்று சொன்னார். நாள் தவறாமல் நடக்கிற காரியம்தான், நம் கண்ணுக்குத்தான் பிடிபடுவதில்லை என்றார்.

மாசிலாமணி குனிந்து ஒரு கை மணலை அள்ளிப் பார்த்தார். கணக்கு உதைத்தது.

"அப்போ பாறை இப்பத்தான் வேகமா உதிருதாம்மா?"

"இல்லையே. நீங்க வந்த வருஷம் எப்படியோ, இப்பவும் அப்படித்தான்."

"பின்னே அப்பல்லாம் ஒரு பிடிகூடத் தேறாதே?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப நீங்க தினமும் அள்ள வந்தீங்கண்ணே."