முக்கால் வலம்

கீழ்விளாகம் மடத்தில் சித்திரை மாதம் எலிகூடக் குடியிருக்காது என்பார்கள். அரிசி மில் வைத்திருந்த ஒருவர் வாரிசில்லாமல் எழுதிவைத்துவிட்டுப் போன மாடிவீடு அது. மேலே ஓடு. ஓட்டுக்குக் கீழே பலகை மச்சு. பகலெல்லாம் குடித்த வெயிலை அந்த மச்சு சாயங்காலம் நிதானமாக உள்ளே இறக்கும். கடல் மூன்று கல் தொலைவில்தான் இருந்தது. ஆனால் கடற்காற்று அந்த வீட்டுக்குள் நுழைந்ததாக யாருக்கும் நினைவில்லை.

மடத்தின் தலைவி செங்கமலத்தம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் உபதேசம் கேட்டு மூன்று வருடமாகக் காத்திருந்தவர் தாண்டவராயன். வயது அறுபத்திரண்டு. சர்க்கரை ஆலையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே ஊர்ப் பெரிய தெருவில் பிறந்து வளர்ந்தவர். வீட்டை மகனிடம் விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு மடத்துக்கு வந்து சேர்ந்தார். உபதேசம் கிடைக்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்பதுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பயம்.

ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார்.

"அம்மா, வருகிற வைகாசி விசாகத்திலாவது எனக்கு உபதேசம் தரவேண்டும்."

"உங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு வந்திருக்கிறேன்."

"மறக்க வேண்டாம். என்ஜினீயர்தானே? இந்த வீட்டைக் குளிர வையுங்கள். குளிர்ந்த அன்றைக்குத் தருகிறேன்."

தாண்டவராயனுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. இதைவிடச் சுலபமான சோதனையை எந்தக் குருவும் எந்தச் சீடனுக்கும் வைத்திருக்க முடியாது என்று நினைத்தார்.

நாமக்கல் பக்கம் ஆளனுப்பி நான்கடி விசிறி ஒன்றை வரவழைத்தார். மாடிப்படி முடிகிற இடத்தில் மச்சுப் பலகையை அறுத்து, அந்த ஓட்டையில் விசிறியைப் படுக்கவைத்து முடுக்கினார். சமையற்காரர் கோதண்டம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்ஜினீயர் சாமி, இது கோழிப்பண்ணையில மாட்டுறதுதானே?"

"ஆமாம்."

"அப்ப நாம யாரு?"

தாண்டவராயன் கோபப்படாமல் விளக்கினார். "அறைக்கு அறை மாட்டுகிற விசிறி இருக்கிற வெக்கையையே சுற்றிச் சுற்றி அடிக்கும். இது முழு வீட்டுக்கும் ஒரே விசிறி. உள்ளே இருக்கிற வெக்கையை உறிஞ்சி மச்சுக்கு மேலே தள்ளும், அது ஓட்டுச் சந்து வழியாக வெளியே போய்விடும். போன இடத்தை நிரப்ப வெளிக்காற்று சன்னல் வழியாக வந்தே தீரவேண்டும். பகலில் எல்லாவற்றையும் மூடி வை. வெளியே குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திற. அவ்வளவுதான் சூத்திரம்."

"சூத்திரம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கோதண்டம்.

பொழுது சாய்ந்ததும் சன்னல்களைத் திறந்து விசிறியை ஓட்டினார்கள். மேற்கே நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம். அந்தப் பக்கத்திலிருந்து வந்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வந்தது. வடக்கிலும் தெற்கிலும் தெருப் புழுதி. அதுவும் விசிறியின் பசிக்குப் போதவில்லை. கிடைக்காத மிச்சத்தை அடுப்படிப் புகைக்கூண்டு வழியாக இழுத்தது. மேலே ஏறவேண்டிய புகை கீழே இறங்கி, நேராகத் தியான மண்டபத்துக்குப் போயிற்று.

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "சாமி, நிறுத்துங்க! தியானம் பண்றவங்க எல்லாம் அழுவுறாங்க, பக்தின்னு நினைச்சுக்கப்போறாங்க!"

பத்து நாள் பாடுபட்டார் தாண்டவராயன். விசிறியைச் சுழற்றும் பட்டையை மாற்றினார், கோணத்தை மாற்றினார். வீடு குளிரவில்லை. கடைசியில் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு அம்மையிடம் போனார்.

"இன்னும் பெரிய விசிறி வேண்டும், அம்மா."

"இந்த விசிறி இழுக்கவில்லையா?"

"நன்றாக இழுக்கிறது. நல்ல காற்றுத்தான் வரவில்லை."

"வர வழி எத்தனை?"

வரைபடத்தை விரித்தார். "இருபத்திரண்டு சன்னல். மூன்று முறை எண்ணிவிட்டேன்."

"வெளியே போய், வீட்டை ஒருமுறை வலம் வந்து எண்ணிப் பாருங்கள்."

வலம் வருவது அந்த மடத்தில் தினசரி வழக்கம். விடியற்காலையில் எல்லோரும் தெற்கு வாசலில் தொடங்கி, மேற்கே போய், வடக்கே திரும்பி, வடகிழக்கு மூலையில் நின்று கும்பிடுவார்கள். பிறகு வந்த வழியே திரும்பிவிடுவார்கள். முக்கால் வலம் என்று அதற்குப் பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காரணம் கேட்டால் தாண்டவராயன்தான் சொல்வார்: "முழுவதும் சுற்றினால் முடிந்துவிடும். ஞானத்துக்கு முடிவு ஏது? அதனால் முக்கால்." கேட்டவர்கள் சிலிர்த்துப்போவார்கள். அம்மை மட்டும் வலம் வருவதில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தாண்டவராயன் போய்விட்டு வந்தார்.

"இருபத்திரண்டுதான், அம்மா."

"வலம் வரச் சொன்னேனே."

"வந்தேனே."

"மேற்கே போனவர் கிழக்கேயிருந்து வந்திருக்க வேண்டும். நீங்கள் மேற்கேயிருந்தே வருகிறீர்கள்."

தாண்டவராயன் வரைபடத்தைப் பார்த்தார். மூன்று பக்கமும் அங்குலக் கணக்கில் போட்டிருந்தார். கிழக்கே ஒரு கோடு மட்டும் இழுத்து 'சுவர்' என்று எழுதியிருந்தார். அளந்த நினைவு இல்லை. அளக்காமல் விட்ட நினைவும் இல்லை. அந்தப் பக்கம் காலனி. பெரிய தெருவில் பிறந்தவன் அந்தச் சந்தில் நடப்பதில்லை. இதை அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தாய்ப்பாலோடு உள்ளே போன பாடம் அது.

மறுபடியும் புறப்பட்டார். வடகிழக்கு மூலையில் கால் தானாக நின்றது, கை தானாகக் கும்பிட்டது. கையை இறக்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பினார்.

முகத்தில் குளிர்ந்த காற்று வந்து அடித்தது.

சந்தில் ஒரு பெண்மணி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். தேசம்மாள் என்று பெயர். அந்த வரிசையில் மூத்த குடும்பம் அவருடையது.

"இன்னா ஐயா, வழி தப்பிட்டீங்களா?"

"இல்லையம்மா. சன்னல் எண்ண வந்தேன்."

"ஏழு."

தாண்டவராயன் நிமிர்ந்து பார்த்தார். மடத்தின் சுவரில் ஏழு இடத்தில் பனம்பலகை அறைந்திருந்தது. உள்பக்கம் அதே இடத்தில் சன்னல் கதவுகளைச் சாத்தி, சுவரோடு சுவராகச் சுண்ணாம்பு அடித்து, வரிசையாகச் சாமி படம் மாட்டியிருந்தார்கள். மூன்று வருடமாக அந்த ஏழு படங்களுக்கும் அவர்தான் பூ வைத்துவந்தார்.

"கட்டறப்போ காத்துக்குன்னு வச்சாரு மில்லுக்காரரு" என்றார் தேசம்மாள். "அப்பால நாங்க பார்த்தா ஆகாதுன்னுட்டு, எங்களையே கூப்ட்டு அடிக்கச் சொன்னாங்க. எங்க மாமனாருதான் அடிச்சாரு. சன்னலுக்கு இருபது ஆணி. கெட்டியா அடின்னு உத்தரவு. அடிச்சாரு."

"அதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்."

"யாரு எடுக்கறது?"

"உங்கள் பிள்ளைகள் யாராவது..."

"அடிக்கறதுக்கும் நாங்க, புடுங்கறதுக்கும் நாங்களா?" முறம் நின்றது. "அப்ப எங்களை யாரும் கேக்கல. இப்ப கேக்கறீங்க. கேட்டா நாங்க யோசிக்கணும். அதோ தெரியுது பாருங்க ஓலை மறைப்பு. எங்க பொம்பளைங்க குளிக்கற எடம். உங்க மாடியில சன்னலைத் தொறந்தா அது நடுத்தெரு. மொதல்ல அதுக்குச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் குடுங்க. அப்பால பேசுவோம்."

தாண்டவராயன் அம்மையிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

"விசாகத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அம்மா. அதற்குள் சுவர் கட்டி, பலகை எடுத்து... முடியாது. ஆளைவிட்டு உள்ளேயிருந்து தட்டினால் பலகை தானே விழுந்துவிடும்."

"விழும்."

"செய்யட்டுமா?"

"என்னைக் கேட்டால்? அவர் உங்களிடம் ஒன்று சொல்லியிருக்கிறார். அதற்கு நீங்கள் என்ன சொல்லிவிட்டு வந்தீர்கள்?"

ஒன்றும் சொல்லாமல் வந்திருந்தார். திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த நாள் சந்தில் அஸ்திவாரம் தோண்டினார். செய்தி பெரிய தெருவுக்குப் போயிற்று. அவருடைய பெரியப்பா மகன் பூவராகன் வாசலில் வந்து நின்று, "தாண்டவராயா, ஞானம் தேடுறேன்னுதானே போன? குளியலறை கட்டவா போன?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே பெரிய தெருவிலிருந்து மடத்துக்கு வருகிற அரிசி நின்றது.

"அரிசி நின்னுபோச்சும்மா" என்றார் கோதண்டம். "நாளைக்கு என்னத்தை வடிக்கிறது? சன்னலையா?"

"கேழ்வரகு இருக்கிறதே" என்றார் அம்மை.

தாண்டவராயன் கட்டிய முதல் வரிசை கோணலாக வந்தது. காலனிக் கொத்தனார் ஒருவர் பார்த்துவிட்டு, "படிச்ச சுவரு போலருக்கு, ஒரு பக்கமாவே சாயுது" என்று சொல்லிப் பிரித்துப்போட வைத்தார். பிறகு அவரே உட்கார்ந்து தூக்குக்குண்டு பிடித்தார். கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்டபோதுதான் அன்றைக்கு விசாகம் என்பது தாண்டவராயனுக்கு உறைத்தது. கையில் கலவைச் சட்டி இருந்தது. கலவை காய்வதற்குள் பூசவேண்டும். பூசினார்.

விசாகம் போய் ஒன்பதாம் நாள் கூரை ஏறியது. தேசம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"சரி" என்றார். "இப்ப எடுங்க. எம் பையன் ஏணி பிடிப்பான். ஆணி புடுங்கறது நீங்க."

நூற்று நாற்பது ஆணி. இரண்டு நாள் ஆயிற்று.

இரண்டாம் நாள் பொழுது சாயும்போது ஏழு சன்னலும் திறந்தன. மேற்குப் பக்கத்தைச் சாத்திவிட்டு விசிறியை ஓட்டினார் தாண்டவராயன். மச்சிலிருந்த வெக்கை தள்ளுமுள்ளாக மேலே ஓடியது. கிழக்கேயிருந்து கடற்காற்று அலை அலையாக வந்தது. திரைச்சீலைகள் எல்லாம் உள்பக்கமாகப் பறந்தன. அடுப்புப் புகை ஒழுங்காக மேலே ஏறிற்று. அரைமணி நேரத்தில் தரையில் வெறும் உடம்போடு படுக்கலாம்போல ஆகிவிட்டது.

காற்றோடு யாரோ கருவாடு வறுக்கிற வாசமும் வந்தது. ஒரு குழந்தை அடிவாங்கி அழுகிற சத்தமும் வந்தது.

மடத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ஜினீயர், இதை மட்டும் நிறுத்த வழியில்லையா?" என்றார்.

"காற்றை மட்டும் பொறுக்கி இழுக்கிற விசிறி நாமக்கல்லில் செய்வதில்லை" என்றார் தாண்டவராயன். சொல்லிவிட்டு அம்மையின் முன் போய் அமர்ந்தார். கை காய்த்துப்போயிருந்தது. இத்தனை நாளில் அவ்வளவு அமைதியாக அவர் அங்கே அமர்ந்ததில்லை.

"அம்மா, வீடு குளிர்ந்துவிட்டது."

"குளிர்ந்துவிட்டது."

"உபதேசம்?"

அம்மை வாய் திறக்குமுன் கீழே சந்திலிருந்து தேசம்மாளின் குரல் மேலே வந்தது.

"ஐயா, என்ஜினீயர் ஐயா! இந்த ஊர்ல எங்களுக்குன்னு நீங்க விட்டு வச்சது காத்து ஒண்ணுதான். இப்ப அதையும் மிஷின் வச்சு இழுத்துக்கறீங்களே, எங்களுக்கு என்ன மிச்சம்?"

சந்தில் பலபேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. தாண்டவராயனும் சிரித்தார்.

"விளையாட்டுக்குக் கேட்கிறாள், அம்மா."

அம்மை சிரிக்கவில்லை.

"நீங்கள் மூன்று வருடமாக என்னிடம் கேட்டதெல்லாம் விளையாட்டு" என்றார். "கீழே போய் அவருக்குப் பதில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் என்னிடம் கேட்க ஏதாவது இருந்தால், வாருங்கள்."