மூன்று ஏடுகளில் ஒரு மனிதர்

குன்றடி மடத்தில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறுவார்கள். வைத்தியசாலைக்கு ஓர் ஏடு, மடைப்பள்ளிக்கு ஓர் ஏடு, விடுதிக்கு ஓர் ஏடு. ஒருவர் ஏட்டை மற்றவர் பார்ப்பதில்லை.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் மூச்சுத் திணறி விழுந்தார். கால் வீக்கத்துக்காக வந்து தங்கியிருந்தவர். வைத்தியர் ஓடிவந்து மருந்து புகட்டினார். உயிர் போய்த் திரும்பியது.

"இவருக்கு உப்பு ஆகாதென்று சொல்லியனுப்பினேனே!" என்று வைத்தியர் கத்தினார்.

"வீக்கக்காரருக்கு ஆகாது என்றீர்கள். எங்களுக்கு இவர் கிழக்குப் பந்திக்காரர்" என்றார் சமையல் தலைவர்.

"எங்கள் ஏட்டில் கிணற்றடி அறைக்காரர்" என்றார் விடுதிப் பொறுப்பாளர்.

தங்கள் ஏட்டில் பிழையில்லை என்று மூவரும் சாதித்தார்கள். உண்மையிலேயே பிழை இருக்கவில்லை.

மடத்தின் தலைவி வடிவம்மை. அவருடைய சீடர் மருதப்பர் அவரைவிட வயதில் மூத்தவர். துறவுக்கு முன் ஓர் அரண்மனையில் கணக்கராக இருந்தவர். மூன்று ஏடுகளையும் ஒன்றாக்கும் வேலையை அம்மை அவரிடம் கொடுத்தார்.

சில நாளில் மருதப்பர் சோர்ந்துபோய் வந்தார்.

"முதல் வரியிலேயே நிற்கிறேன், அம்மா. அந்த மனிதரை எப்படிக் குறிப்பது என்று மூவருக்கும் சண்டை. நோயை வைத்து எழுதச் சொல்கிறார் வைத்தியர். நோய் தீர்ந்துவிட்டால்? அறையை வைத்து எழுதினால் அறை மாறுகிறது. பந்தியும் அப்படித்தான். மூன்றில் எது சரி?"

அம்மை எழுந்தார். "வாருங்கள்."

கிணற்றடி அறையில் அந்த மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மை அவர் எதிரே தரையில் அமர்ந்தார்.

"ஐயா, உங்கள் பெயர் என்ன?"

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பூவலிங்கமுங்க. வந்ததுலேருந்து யாரும் கேக்கல. நானும் சொல்லல."

மருதப்பர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்தப் பெயரை எழுதி, அதன்கீழே வீக்கம், உப்பு ஆகாது, கிணற்றடி அறை என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சேர்த்தார்.

"புளியும் சேராதுங்க" என்றார் பூவலிங்கம். "வயித்த எரிக்கும்."

அது எந்த ஏட்டிலும் இல்லை.

வெளியே வந்ததும் மருதப்பர் கேட்டார்:

"இனி ஏடு ஒன்றுதான். அது தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். யாரிடம் கொடுப்பது?"

"யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். மூவரும் அதில்தான் எழுத வேண்டும், அதைத்தான் பார்க்க வேண்டும்."

"யாராவது தவறாக எழுதிவிட்டால்? முன்பு ஒருவர் தவறு ஓரிடத்தோடு நின்றது. இனி மூவரும் சேர்ந்து அதே தவறைச் செய்வார்களே."

"எழுதியதை அந்தந்த நோயாளியிடம் காட்டிச் சரிபாருங்கள்."

"பூவலிங்கத்துக்குப் படிக்கத் தெரியாது, அம்மா."

"உங்களுக்குத் தெரியுமே."