ஃபினிஷ் எங்கே இருக்கிறது

ஃபினிஷ் நம்ம ஊரில் யாருக்குத்தான் தெரியாத சொல்? டீ ஃபினிஷ், சார்ஜ் ஃபினிஷ், அவன் கதை ஃபினிஷ் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாமல் மைதானத்து ஓரம் நின்று தவித்தாள் போலீஸ்காரி சண்முகவடிவு.

அமலோற்பவம் டீச்சருக்குக் கண் தெரியாது. ஓட்டத்தில் அவருக்கு வடிவுதான் துணை. இருவர் கையையும் ஒரு சின்னக் கயிறு இணைக்கும். முடிவுக் கோட்டை டீச்சர்தான் முதலில் தாண்ட வேண்டும். துணைக்கு வந்தவள் முந்திவிட்டால் ஓட்டமே செல்லாது. போன வருஷம் வேறொருத்தி அப்படி முந்தித்தான் டீச்சரின் தேசியப் போட்டி கைவிட்டுப் போனது.

பாவம், வடிவு பன்னிரண்டு வருஷம் தனக்காக மட்டுமே ஓடியவள். கோட்டைக் கண்டால் அவள் நெஞ்சு தானாக முன்னால் பாயும். இன்று காலை ஒத்திகையிலும் மூன்று தடவை முந்திவிட்டாள். தேசியப் போட்டிக்கான தேர்வு ஓட்டத்துக்கு இன்னும் அரை மணி நேரம்தான்.

"டீச்சர், வேற ஆளப் பாருங்க. என்னால இந்த வருஷமும் வீணாப் போயிரும்."

"உங்களுக்குத் துணை ஓடச் சொல்லிக்கொடுத்தது நான்லாக்கா? அந்தக் கவல எனக்கு." டீச்சர் அவளைவிட எட்டு வயது இளையவர்.

"ஃபினிஷ்னா நெஞ்ச நீட்டத்தான் எனக்குத் தெரியும். உங்களுக்கு என்ன டீச்சர் அர்த்தம்?"

டீச்சர் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் திணித்தார். ஆளில்லாத பயிற்சித் தடத்தில் தன்னந்தனியாக ஓட ஆரம்பித்தார்.

"அய்யோ, டீச்சர்!"

வடிவு அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். டீச்சர் வெள்ளைக் கோட்டைத் தாண்டினார். நிற்கவில்லை. எதிரே இரும்பு வேலி. வடிவுக்கு உயிரே போய்விட்டது.

"ஃபினிஷ்! டீச்சர், ஃபினிஷ்!"

டீச்சர் நின்றார். வேலிக்கு நாலடிதான் இருந்தது.

"கொழுப்பா உங்களுக்கு? முட்டியிருந்தா என்ன ஆகும்?" வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"கோடு தாண்டுனது எனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் கத்துனேன்."

"எங்க இருந்து கத்துனீங்க?"

"உங்களுக்குப் பின்னால இருந்துதான்."

ஒலிபெருக்கியில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.

"கோட்டுக்கிட்டயும் அங்கயே இருங்கக்கா."