ஐந்து இலை மண்டபம்

ஏரிக்கரைக் காட்டில் மயில் ஒன்று கல்யாண மண்டபம் நடத்தி வந்தது. கூரை முழுக்கப் பளபளக்கும் காக்காய்ப்பொன் தகடு. சுவர் முழுக்கக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் தோகையே தெரிய வேண்டும் என்று சன்னல்களைக்கூடக் கண்ணாடியால் அடைத்து வைத்திருந்தது மயில்.

வெளியே இருந்து பார்த்தால் அரண்மனை. உள்ளே போனால் அடுப்பு!

சூடு தணிய யானைகள் வரிசையாக நின்று காதால் விசிறின. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு என்பதால் மின்மினிகள் ஒளி தந்தன. யானைகளுக்குக் காது கழன்றுவிடும்போல் வலித்தது. மின்மினிகள் இரவில் கொட்டாவி விட்டன.

அதே நேரம், காட்டு மருத்துவமனையில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு விசிற ஒரு யானைகூட இல்லை. புலி மகாராணி சீறினார்.

"பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் சோதியுங்கள்! காற்றையும் வெளிச்சத்தையும் சிக்கனமாகச் செலவழித்தால் வாசலில் ஐந்து இலைச் சான்று. அள்ளி இறைத்தால் ஒற்றை இலை. ஒற்றை இலை வாங்கியதை வைகாசி முகூர்த்தத்துக்கு முன்பே பூட்டுங்கள்!"

சோதிக்கும் வேலை உடும்புக்குக் கிடைத்தது. பிடித்த விதியை விடாது என்பதே அதன் தகுதி.

மயில் தேம்பி அழுதது. மண்டபத்தின் சமையல்கட்டில் குடியிருந்து, பந்தி மிச்சத்திலேயே வளர்ந்த கீரி ஓடி வந்தது.

"எதுக்கு அண்ணே அழறீங்க? தோகை நனையுது பாருங்க!"

"ஒத்தை இலைதான் வரும், கீரி! மண்டபத்தைப் பூட்டிடுவாங்க! பேசாம கூரையை மாத்திடலாமா?"

"கூரையை மாத்தினா உங்களை யாரு திரும்பிப் பார்ப்பா? உடும்பு என்னத்தை அளக்கப் போகுது? எத்தனை யானை விசிறுது, எத்தனை மின்மினி எரியுதுன்னுதானே? அன்னிக்கு லீவு விட்டுடுங்க!"

"யாருக்கு?"

"எல்லாருக்கும்!"

சோதனை நாள் வந்தது. ஆளில்லாத இடத்தை 'ஈ காக்கை இல்லை' என்பார்கள். அன்று மண்டபத்திலிருந்து ஈயையும் காக்கையையும் உண்மையாகவே வெளியே அனுப்பியிருந்தார்கள்.

"விசிறும் யானை?" என்று கேட்டது உடும்பு.

"இல்லை, ஐயா!"

"மின்மினி?"

"இல்லவே இல்லை!"

"விருந்தாளிகள்?"

மயில் திருதிருவென்று விழித்தது. கீரி முந்திக்கொண்டது. "அந்தக் கேள்வி விதியில இருக்குங்களா, ஐயா?"

உடும்பு யோசித்தது. இல்லை. விதியில் இல்லாததைக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டது. உள்ளே தகித்த சூடாவது உறைத்திருக்கலாம். ஆனால் உடும்போ பாறையில் வெயில் காய்கிற சாதி. "அடடா, என்ன சுகம்!" என்று வாசலில் ஐந்து அரச இலைகளைக் கட்டிவிட்டுப் போனது.

மயில் ஆடியது. கீரியும் ஆடியது. ஆட்டம் முடிவதற்குள் அரண்மனை மைனா வந்து அறிவித்தது.

"மகாராணி மகிழ்ந்தார்! காற்றும் வெளிச்சமும் வேண்டாத மண்டபத்துக்கு யானை எதற்கு, மின்மினி எதற்கு? எல்லாரும் இன்றே மருத்துவமனைக்குப் போகட்டும்! வைகாசியில் இளவரசர் கல்யாணம் இந்த மண்டபத்தில்தான்! உச்சி வேளை முகூர்த்தம்!"

"கீரி, இப்ப என்னடா பண்றது?" என்று மயில் முனகியது.

"சாப்பாடு பிரமாதமா இருக்கும், அண்ணே!" என்றது கீரி.

கல்யாண நாளில் காடே திரண்டு வந்தது. மான்களும் வந்தன, உணவாக அல்ல, விருந்தாளிகளாக. கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. கூரையோ கொதித்தது. மணப்பெண்ணின் மாலை வதங்கித் தொங்கியது.

"யாரு என் வாலை மிதிக்கிறது?" என்றது ஒரு குரல்.

"உங்க வாலா? நான் கம்பளம்னு நினைச்சேன்!" என்றது இன்னொன்று.

பெண்ணின் தாய்ப்புலி இருட்டிலேயே உறுமியது. "சம்பந்தியம்மா! எங்க பொண்ணைக் கட்டிக்கொடுக்கச் சொன்னீங்களா, பொரிச்சுக்கொடுக்கச் சொன்னீங்களா?"

அதற்குள் கெட்டி மேளம் முழங்கியது. தலை சுற்றிய இளவரசர் தட்டுத்தடுமாறித் தாலியை நீட்டினார். நீட்டியது கரடியின் கழுத்துக்கு! அட்சதை தூவ வந்த அந்தப் பெண் கரடி, என்ன நடக்கிறது என்று புரிந்து வெட்கத்தோடு தலையைக் குனிந்தது.

பழகிய இருட்டு என்பதால் மயிலுக்கு மட்டும் அது தெரிந்தது. வாயைத் திறந்தால் மண்டபம் போகும். திறக்காவிட்டால் இரண்டு பெண்களின் வாழ்க்கை போகும்.

"நிறுத்துங்க!" என்று மயில் அகவியது. பாய்ந்து போய், ஆசை ஆசையாகப் பதித்த கண்ணாடியைக் கொத்தி உடைத்தது. ஒவ்வொரு சன்னலாகத் திறந்தது. ஏரிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. வெளிச்சத்தில் இளவரசர் கரடியைப் பார்த்தார். தாலியை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தார்.

"மகாராணி! அந்த அஞ்சு இலையும் பொய்! ஆளே இல்லாத அன்னிக்கு வாங்கினது!" என்றது மயில்.

புலி மகாராணி மயிலை முறைத்தார். பிறகு, சரியான கழுத்தில் தாலி ஏறியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"என் மகனைக் காப்பாத்தினே. அதனால உன்னைத் தின்னாம விடறேன். ஆனா மண்டபத்தை ஆவணி வரைக்கும் பூட்டு! உடும்பே, இனிமே கூட்டம் நிறைஞ்ச அன்னிக்குத்தான் சோதனை. உன் தோல் சொல்றதை நம்பாதே, கரடியைக் கூட்டிக்கிட்டுப் போ!"

அந்த முகூர்த்த வருமானம் முழுவதையும் மயில் இழந்தது. காக்காய்ப்பொன்னைப் பெயர்த்துவிட்டுக் கூரைக்குப் புல் வேய்ந்தது. புல் சுமந்தது யார்? கீரிதான். ஆவணியில் மண்டபம் நிரம்பி வழிந்த ஒரு மத்தியானம், கரடி நட்டநடுவே உட்கார்ந்து ஒரு குட்டித்தூக்கம் போட்டது. உடும்பு அதன் ரோமம் வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு மூன்று இலை கட்டியது. அதை மயில் ஊர் முழுக்கக் கூவிச் சொன்னது.

காலி வீட்டைக் காட்டி வாங்கும் நற்பெயர், கூட்டம் வந்து உட்கார்ந்த உடனே கரைந்துபோகும்.