சந்தேகக்கார சோலைராசு வெளிய போய் உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு தேங்கா வியாபாரி இருந்தான். சோலைராசுன்னு பேரு. ம் கொட்டிக்கிட்டே வரணும். இல்லாட்டி நீ தூங்கிட்டேன்னு லைட்டை அணைச்சிருவேன்.

ம்.

அவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். தேங்காயைக் காதுகிட்ட வச்சு லொடக் லொடக்னு ஆட்டுவான். அப்புறம் டொக்கு டொக்குன்னு தட்டுவான். அப்புறமும் நம்ப மாட்டான். வீட்டுக்கு வாங்குற பாலையும் நகத்துல ஒரு சொட்டு விட்டு, ஓடுதா நிக்குதான்னு பார்ப்பான். நான் ஒண்ணும் அவனைக் குத்தம் சொல்லல. இந்தக் காலத்துல யாரை நம்ப முடியுது? இப்ப நீ கண்ணை மூடிக்கிட்டு நடிக்கிறியே, அதுவும் எனக்குத் தெரியும்டி.

அவனுக்கு ஒரே பொண்ணு. பூவிழி. நாலு வயசு. ஓடுவா, தொம் தொம்முனு குதிப்பா, ஆனா வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. தண்ணி வேணும்னா பானையைப் பார்ப்பா. பார்த்த உடனே இவன் ஓடிப்போய் மொண்டு குடுத்துருவான். முறுக்கு டப்பாவைப் பார்ப்பா. டப்புனு தொறந்து கையில வச்சிருவான். "எம்புள்ள கண்ணைப் பார்த்தே எனக்கு எல்லாம் தெரியும்"னு ஊரெல்லாம் பெருமை வேற.

ஆனா அவன் பொண்டாட்டி வடிவுக்கு அதுதான் பெரிய கவலை. ஒருநாள் கேட்டே புட்டா. "ஏங்க, சந்தையில இவ கை நழுவிப் போச்சுன்னா என்ன பண்ணுவா? பேரு சொல்லத் தெரியாது. அப்பான்னு கூப்பிடத் தெரியாது. அங்க எவன் இவ கண்ணைப் பார்த்துப் புரிஞ்சுக்குவான்?"

அவனுக்குப் பக்குனு ஆயிப்போச்சு. அன்னைக்கு யாவாரமே ஓடல.

அப்புறம் மூணு பேரும் பஸ் ஏறி டவுன்ல இருக்கிற குழந்தைங்க கிளினிக்குக்குப் போனாங்க. டாக்டரம்மா பூவிழி காதுல என்னமோ மாட்டி, பீப் பீப்னு சத்தம் வச்சுப் பார்த்தாங்க. "காது நல்லாக் கேக்குது. இனிமே பேச்சுப் பயிற்சிக்கு வாங்க"ன்னு சொல்லி, ஜெஸிந்தா மிஸ்கிட்ட அனுப்பிவிட்டாங்க.

அந்த மிஸ் மொத நாள் முழுக்கக் கேள்விதான். எப்ப தூங்குவா, என்ன சாப்பிடுவா, யார்கூட விளையாடுவா, கோவம் வந்தா என்ன செய்வா... சோலைராசு வடிவு காதுல கிசுகிசுன்னு சொன்னான். "பொண்ணு பார்க்க வந்தவங்க கூட இவ்வளவு கேக்கலடி. நம்ம மேல பழி போடத் தோதா எல்லாத்தையும் கேட்டு வச்சிக்கிறா."

அப்போ மிஸ் கேட்டாங்க, "செல்போன் பார்ப்பாளாண்ணே?"

"செல்போனா? தொடவே மாட்டா!"

அவன் சொல்லி வாய் மூடல, பூவிழி அவன் சட்டைப் பையில கையை விட்டு, படக்னு போனை எடுத்து, சர்ர்ருனு தள்ளிப் பாட்டே போட்டுட்டா! மிஸ் சிரிக்கல. அது பெரிய மனசு. நானா இருந்தா சிரிச்சிருப்பேன்.

"வாரத்துக்கு ரெண்டு தடவை வாங்க. மிச்ச நாள் வீட்ல நீங்கதான் செய்யணும். என்ன செய்யணும்னு நான் சொல்லித் தர்றேன். ஆனா இந்தத் தேதியில பேசிடுவான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது"ன்னாங்க மிஸ்.

தேதி சொல்ல மாட்டாங்களாம்! வியாபாரிக்கு மூக்கு வேர்த்துருச்சு.

ம்.

ம், முழிச்சுத்தான் இருக்க. ரெண்டாவது தடவை போனாங்க. உள்ள பார்த்தா ஊஞ்சல், சறுக்கு, ஆள் உசரத்துக்கு ஒரு பந்து. ஊசி இல்ல, மாத்திரை இல்ல, ஒரு டானிக் பாட்டில் கூட இல்ல. இவன் அந்தப் பந்தை டொக்கு டொக்குன்னு தட்டிப் பார்த்தான். "வெறும் காத்து! இதுக்கா பஸ் ஏறி வந்தோம்?"

மிஸ் ஒரு பொம்மையை எடுத்து, "பூவிழி, இது யாரு?"ன்னாங்க.

"யானை!"ன்னு பின்னாடி இருந்து ஒரு குரல்.

"அண்ணே, உங்களைக் கேக்கல."

அப்புறம் ஒரு பழத்தைக் காட்டினாங்க. "வாழப்பழம்!" மறுபடி இவன்தான். மிஸ் பொறுமையா, "அண்ணே, கொஞ்ச நேரம் வெளிய இருங்களேன்"ன்னாங்க. இந்த மிஸ் என்னை எதுக்கு வெளிய அனுப்புறான்னு இவனுக்கு இன்னும் சந்தேகம். போனவன் சும்மா இருந்தானா? ஜன்னல்ல மூக்கை வச்சு அழுத்திக்கிட்டு நின்னான்.

மூணாவது தடவையும் அதே ஜன்னல். உள்ள மிஸ் ஒரு டப்பாவுல இருந்த சோப்புத் தண்ணியில குச்சியை முக்கி, பூஊஊன்னு ஊதினாங்க. குமிழி குமிழியாப் பறந்துச்சு. பூவிழி கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டு, பொட்டு பொட்டுன்னு ஒடைச்சா. அப்போ மிஸ் டக்குனு மூடியை மூடிட்டாங்க. மூடிட்டு அவ முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

பூவிழி டப்பாவைப் பார்த்தா. மிஸ்ஸைப் பார்த்தா. மூஞ்சி சிவந்துச்சு. உதடு ரெண்டும் குவிஞ்சுச்சு...

தடால்னு கதவு தொறந்துச்சு! "ஏம்மா, பச்சப்புள்ளைய ஏங்க விட்டா வேடிக்கை பார்க்கிற?" டப்பாவைப் பிடுங்கி இவனே பூஊஊன்னு ஊதிட்டான்.

மிஸ் கோவப்படல. "அண்ணே, அவ வாயைத் தொறக்கப் போனா. அதுக்குள்ள நீங்க குடுத்துட்டீங்க. வீட்லயும் இப்படித்தானே? கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாம் கிடைச்சா, அவ எதுக்குக் கேக்கணும்?"

இவனுக்குச் சுருக்குனு தைச்சிருச்சு. "நீ ஒண்ணும் எம்புள்ளைக்கு..."ன்னு பூவிழியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். வடிவு கதவை மறிச்சு நின்னுட்டா. "உங்க சந்தேகத்தை எல்லாம் தேங்காயோட வச்சுக்கங்க. இன்னைக்கு இவளைத் தூக்கிட்டுப் போனா, நாளைக்கு இவ யாரைக் கூப்பிடுவா, எப்படிக் கூப்பிடுவா?" கண்ணுல தண்ணி நிக்குது அவளுக்கு.

அப்போதான் உக்காந்தான். மிஸ் அவன் கையிலேயே டப்பாவைக் குடுத்தாங்க. "இப்ப நீங்களே ஊதுங்க. அப்புறம் மூடிட்டு, சும்மா இருங்க. அது போதும்."

ஊதினான். மூடினான். சும்மா இருந்தான். அடேயப்பா, நூறு மூட்டை தேங்கா இறக்கிருவான், இது முடியல அவனுக்கு! பூவிழி டப்பாவைப் பார்க்கிறா. அவனைப் பார்க்கிறா. என்ன வேணும்னு அவனுக்குத் தெரியுது, கை மூடிகிட்ட போகுது, திரும்புது. அவ அவன் விரலைப் பிடிச்சு இழுத்தா. குடுக்கல. காலைத் தொம்முனு உதைச்சா. குடுக்கல. புள்ளைய அழ வைக்கிற பாவி ஆயிட்டோமேன்னு இருக்கு. அப்போ அவளுக்கு வந்துச்சு பாரு கோவம், ரெண்டு கையாலயும் அவன் நெஞ்சுல ஒரு தள்ளு தள்ளி,

"போ!"

வடிவு வாயைப் பொத்திக்கிட்டா.

மிஸ் மெதுவா, "நல்லாக் கேட்டுச்சு. போங்கண்ணே"ன்னாங்க.

"எங்க போக?"

"வெளிய. அவ சொல்லிட்டா இல்ல? சொன்னா நடக்கும்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் எந்திரிச்சான். ஓன்னு அழுகை வருது, சிரிப்பும் வருது. டப்பாவை மிஸ் கையில வச்சிட்டு, கதவைச் சாத்திட்டு, வெளிய வந்தான். ஜன்னல் அங்கதான் இருக்கு. போகல. அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்தான்.

பக்கத்துல ஒரு குழந்தையோட உக்காந்திருந்த அம்மா கேட்டாங்க, "உள்ள என்னங்க சொல்லித் தர்றாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? எம்பொண்ணு போன்னு சொன்னா, வந்துட்டேன்"ன்னான் சோலைராசு.

...ம் சத்தத்தைக் காணோமே? ஏய்? இது நிஜத் தூக்கமா, நடிப்பா? சரி, நம்பிட்டேன் போ. கதை பெஞ்சுல உக்காந்திருச்சு, நீ பாய்ல படுத்துக்க.